உத்திராபதியின் குறை நோட்டு

புதுச்சேரி உப்பளத்தில் கோபிநாத்தின் பிரவுசிங் சென்டருக்குச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஒருத்தரும் வர மாட்டார்கள். சும்மா சுற்றும் மின்விசிறிக்குக் கீழே யாராவது உட்காரட்டும் என்று எங்களை உள்ளே விட்டான். நாங்கள் ஏழு பேர். வெவ்வேறு கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு, பாடத்தில் இல்லாத வேலையாகச் சின்னச் சின்ன கேம்கள் செய்துகொண்டிருந்தோம். சரியாகச் சொன்னால் ஆறு பேர் செய்தார்கள். நான் குறை சொன்னேன்.

குறை சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. கோபியின் அம்மா தையற்காரர். பிரான்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா வீடுகளுக்குக் கவுன் தைத்துப் பேர் எடுத்தவர். போட்டுப் பார்க்கிற பெண் கண்ணாடி முன் நின்று என்ன சொன்னாலும் தைத்தவள் பதில் பேசக் கூடாது, சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும், அடுத்த முறை அந்த இடம் சரியாகியிருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதையே கோபி எங்களுக்கும் போட்டான். கேமைச் செய்தவன் ஆடுகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் கை கட்டி நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. ஆடி முடித்தவன், செய்தவனுடைய நாற்பது பக்க நோட்டை வாங்கி எழுத வேண்டும். நல்லது, குறை, வழி என்று மூன்று கட்டம். செய்தவன் ஒவ்வொரு குறையையும் சரிசெய்து, பக்கத்தில் டிக் போட்டு, அடுத்த சனிக்கிழமை சிடியில் கொண்டு வர வேண்டும். அந்த நோட்டுக்குக் குறை நோட்டு என்று பேர்.

நல்லது என்ற கட்டத்தில் நான் எல்லாருக்கும் ஒரே வரிதான் எழுதுவேன்: "சிடி வட்டமாக இருக்கிறது." குறை என்ற கட்டம் எனக்குப் போதாமல் அடுத்த பக்கத்துக்கு வழியும். வழி என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். நான் எழுதியதைக் கோபி உரக்கப் படிக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள். செய்தவன் மட்டும் சிரிக்க மாட்டான். வாயைத் திறக்கக் கூடாது என்பதால் அவன் சிரிப்பதும் சட்டப்படி தவறுதான்.

2007 ஜூலையில் உத்திராபதி வந்து சேர்ந்தான். வம்பாகீரப்பாளையத்து மீனவர் வீட்டுப் பையன். சென்டர் முதல் மாடியில் இருந்தது. பதினாறு படி. அவன் எட்டாவது படியில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த கோச்சிங் கிளாஸ் விளம்பரத்தை முழுவதும் படித்துவிட்டு மேலே வருவான். வாராவாரம் அதே விளம்பரத்தைப் படித்தான். அதைப் பற்றியும் நான் ஒரு ஜோக் வைத்திருந்தேன்.

அவன் செய்த கேமின் பேர் 'கரை'. ஒரு ஆள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய், மீன் பிடித்து, அலைகளைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். நான் அதை முழுவதும் ஆடினேன். ஒரு தடவை இல்லை, பன்னிரண்டு தடவை. நல்ல கிண்டலுக்கு ஆராய்ச்சி தேவை. அவன் நோட்டில் ஏழு குறைகள் எழுதினேன். கோபி படிக்கும்போது சென்டரே குலுங்கியது. உத்திராபதி பின்னால் கை கட்டி நின்றான். மானிட்டர் கண்ணாடியில் அவன் உதடு தெரிந்தது. கொஞ்சம் நீலமாக இருந்தது. பேனா மையைக் கடித்திருப்பான் என்று நினைத்தேன்.

செப்டம்பருக்குப் பிறகு அவன் வரவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான் என்று கோபி போன் செய்தான். பிறவியிலேயே இருதயத்தில் கோளாறாம். எல்லாரும் போனார்கள். எனக்குப் பரீட்சை இருந்ததால் போகவில்லை. பரீட்சை மறுநாள்தான்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, சென்டருக்கு ஒரு பெண் வந்தாள். மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. பதினாறு படியையும் ஒரே மூச்சில் ஏறிவந்திருந்தாள். கையில் நாற்பது பக்க நோட்டு.

"இதுல ராகவன் யாரு?"

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நண்பர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

"நான்தான்."

"சிடி வட்டமா இருக்குன்னு எழுதுனது நீதானா?" என்றாள். "நான் துர்கா. உத்திராவோட அக்கா."

கோபி அவளுக்கு நாற்காலி போட்டான். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோபிதான் ஆரம்பித்தான்.

"கரை கேமோட கடைசி வெர்ஷன் அவன் கம்ப்யூட்டர்ல இருக்குடா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி முடிச்சிருக்கான். எங்கிட்ட மைக் வாங்கிட்டுப் போனான், ஞாபகம் இருக்கா? அத வெச்சு என்னமோ பேசி உள்ள போட்டிருக்கான். கரைக்கு வந்தா கேக்கும்னான் போன்ல."

"ரெண்டு நாளு கதவ சாத்திக்கிட்டுப் பேசுனான்" என்றாள் துர்கா. "என்னாடா பண்றன்னா கடைசில கேளுன்னான். எங்ககிட்ட அவன் குரலு வேற எதுலயும் இல்ல. எங்க சித்தப்பா வூட்டு கல்யாண வீடியோவுல இருக்கான். சாப்புட்டுக்கிட்டு இருக்கான். மேல நாயனத்தப் போட்டுட்டானுங்க. எங்கம்மா அந்த கேசட்ட போட்டு போட்டு அவன் வாய் அசையறதப் பாக்குது."

மின்விசிறி மட்டும் சுற்றியது.

"அப்ப ஆடிப் பாக்க வேண்டியதுதான" என்றேன்.

கோபி நோட்டை வாங்கிப் பிரித்து, ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தான். என் கையெழுத்து. நாலாவது குறை. "ஆள் செத்த மூன்றாவது நொடியில் புது ஆளாக எழுந்து நிற்கிறான். இது கடலா, மெகா சீரியலா? செத்தால் செத்ததுதான் என்று இருந்தால்தான் ஆட்டத்துக்கு மரியாதை."

பக்கத்தில் சிவப்பு மையில் டிக்.

"ஒரே உயிருதான் வெச்சிருக்கான்" என்றான் கோபி. "படகு கவுந்தா கேம் அதுக்கப்புறம் திறக்காது. எப்பவுமே திறக்காது. போன்ல பெருமையா சொன்னான். ராகவன் சொன்னான்ல, அதான் சரின்னான்."

"காப்பி எடுத்து வேற மிஷின்ல போடு."

கோபி அடுத்த வரியில் விரலை வைத்தான். ஐந்தாவது குறை. "உடனே பூட்டுப் போடவும். இல்லாவிட்டால் இந்த மாபெரும் காவியத்தை நாளைக்கே புதுச்சேரி முழுவதும் காப்பியடித்துவிடுவார்கள்." டிக்.

"போட்டுப் பாத்துட்டேன்" என்றான். "இந்தப் படகு உன்னுது இல்லன்னு ஒரு வரி வருது. கறுப்பு ஸ்கிரீன். அவ்வளவுதான். அவன் மிஷின்ல மட்டும்தான் ஓடும். குரலும் தனியா இல்ல, கேமுக்குள்ளயே பூட்டிக் கெடக்கு. அந்த ஹார்ட் டிஸ்க்கும் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. எத்தினி நாளு தாங்கும்னு தெரியல."

கிண்டலுக்கும் யோசனைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருத்தன் உட்கார்ந்து இரண்டையும் செய்து முடித்திருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றும் தோன்றியது. நோட்டில் எழுதியதைச் சரிசெய்து டிக் போட வேண்டும் என்பது முறை. அவன் முறைப்படி செய்திருக்கிறான்.

"நீ ஆடேன்" என்றேன் கோபியிடம்.

"நான் மூணாவது அலையிலயே காலி. எல்லாருமே காலி. கடைசி வரைக்கும் ஆடுனவன் நீ ஒருத்தன்தான். திட்டறதுக்குன்னாலும் ஆடுன."

துர்கா எழுந்தாள். "நாளிக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு லீவு. மூணு மணிக்கு மேல வா. அப்பா மீன் புடிக்க போட்டுக்குப் போயிடும். அது இருந்தா அந்த ரூமத் தொறக்க விடாது."

*

உத்திராபதியின் அறை ஆறடிக்கு எட்டடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது; பார்க்க முடியாது, கேட்கலாம். மேசை மேல் பெருத்த மானிட்டர், அதன் தலையில் துண்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தலையணை. தலையணை நடுவில் பள்ளம். அதில் உட்காராமல் ஆட முடியாது. உட்கார்ந்தேன். எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

துர்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், நோட்டோடு. அவளுடைய அம்மா தனக்கொடி அறைக்குள் வரவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டார். காலையில் மீன் விற்ற கூடை வாசலில் கவிழ்ந்திருந்தது.

"சாப்டியா கண்ணு?" என்றார்.

"சாப்ட்டுட்டேம்மா."

"இன்னா சாப்ட்ட?"

பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கண் மானிட்டரில் இருந்தது.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஹார்ட் டிஸ்க் கடகடத்தது. சாவி தொலைத்தவன் சட்டைப் பையையெல்லாம் தட்டித் தட்டிப் பார்ப்பதுபோல் நின்று நின்று தேடியது. பிறகு படம் வந்தது. திரையில் ஒரே ஒரு ஐகான். கரை.

கேம் முதலில் பேர் கேட்டது. பழைய வெர்ஷனில் இது கிடையாது. ஆங்கில எழுத்தில் ராகவன் என்று அடித்தேன். திரை கறுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக வெள்ளை எழுத்து வந்தது. தமிழ் எழுத்துரு எதுவும் அந்த மென்பொருளில் சரியாக வராது என்பதால் அவன் மவுஸாலேயே எழுதிப் படமாகப் போட்டிருந்தான். கோணல்மாணலான, நடுங்கின கையெழுத்து.

"வா. நோட்டு கொண்டாந்தியா?"

எனக்குப் பின்னால் நோட்டின் தாள் சலசலத்தது. துர்காவின் கைதான். இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.

"வேற பேரு அடிச்சா இன்னா வரும்?" என்றாள்.

"தெரியல." எனக்குத் தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

கடல் வந்தது. போன ஜூலையில் பார்த்த கடல் இல்லை. அன்றைக்கு அது நீலமாக இருந்தது. இது நம் ஊர்க் கடலின் நிறம், கழுவின பாத்திரத் தண்ணீர் மாதிரி. அலைகள் வரிசையாக வரவில்லை. இரண்டு ஒன்றாகத் தோள் இடித்துக்கொண்டு வந்தன. அதற்குப் பின்னால் குட்டையாக ஒன்று ஒளிந்து வந்தது.

"எதுக்கு இப்பிடி பண்ணியிருக்கான்?" என்று முணுமுணுத்தேன்.

துர்கா படித்தாள். "ரெண்டாவது. அலைகள் ரேஷன் கடை வரிசைபோல் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. முண்டியடிக்கிற அலை ஒன்றுகூட இல்லையா?" எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ஆஸ்பத்திரி ரசீது படிப்பதுபோல் படித்தாள். "டிக் போட்டிருக்கான்."

நான் எழுதிய ஒரு வாக்கியம் அவ்வளவு நகைச்சுவையில்லாமல் என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா எழுதியிருக்கு?" என்றார் தனக்கொடி. துர்கா மறுபடி படித்தாள். "யாரு எழுதுனது?"

"இவருதான்."

தனக்கொடி என்னைப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். படகு கடலுக்குள் பாதி போயிருந்தது.

"இதப் படிச்சிப் படிச்சி சிரிப்பான்" என்றார். "சிரிச்சா அவனுக்கு மூச்சு வாங்கும். வாணாம்டான்னு ஒரு நாளு நோட்டப் புடுங்கி அரிசி டின்னுக்குள்ள வெச்சிட்டேன். அதுக்கு ரெண்டு நாளு எங்கிட்ட பேசல."

படகைத் திருப்பி நேரே நிறுத்தினேன். இரட்டை அலை வந்தது. முனை மேலே எழுந்து, நின்று, சப்பென்று விழுந்தது. பின்னால் ஒளிந்திருந்த குட்டை அலை பக்கவாட்டில் தள்ளியது. படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. அம்புக்குறிப் பொத்தானை எவ்வளவு அழுத்தினேன் என்றால் கீபோர்டே மேசை மேல் நகர்ந்தது. படகு நிமிர்ந்தது.

"அலைய எண்ணு" என்றாள் துர்கா. "அவன் எண்ணிதான் செஞ்சான். ஆவணி மாசம் பூரா கரையில அந்தக் கருங்கல்லு மேல உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தான். ஏன்டா வெயில்ல உக்கார்றன்னா, கடல நான் காலண்டர்லதான் பாத்தேன்னு ஒருத்தன் சொல்லிட்டான்க்கா, பாத்துட்டு வரேன்னான்."

மூன்றாவது குறை. அதை அவள் நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். "இந்தக் கடலைச் செய்தவர் கடலைக் காலண்டரில் பார்த்திருக்கிறார்." அதன் பக்கத்தில் டிக்குக்குப் பதில் அவன் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தானாம். உண்மை.

"அவனக் கடலுக்கு அனுப்புனதே இல்ல" என்றார் தனக்கொடி. "பொறந்ததுலேர்ந்து டாக்டரு வாணான்னுட்டாரு. மீன்காரன் வூட்டுல பொறந்து கட்டுமரத்துல கால வெச்சதில்ல."

நான் எண்ணினேன். ஐந்து சின்னது. இரண்டு பெரியது. பிறகு நான் பத்து எண்ணுகிறவரை கடல் சும்மா கிடந்தது. அந்தப் பத்துக்குள் தாண்டிவிட்டேன்.

வெளியே ஆழத்தில் அலை இல்லை. வலையை வீசினேன். மீன்கள் வந்தன. பழைய வெர்ஷனில் எல்லா மீனுக்கும் ஒரே முகம் என்று எழுதியிருந்தேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். ஒன்று கோபி மாதிரியே பல் துருத்திக்கொண்டிருந்தது. ஒன்று சோடாபுட்டிக் கண்ணாடி போட்டு, மேல் உதட்டில் வராத மீசையோடு, எல்லாரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனது.

துர்கா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அத மொதல்ல புடி" என்றாள்.

பிடித்தேன். வலைக்குள் கண்ணாடி கழன்று விழுந்து மிதந்தது. நிலைப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தனக்கொடி சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பத்து மீன் ஆனதும் கடல் தானாக இருட்ட ஆரம்பித்தது. திரும்ப வேண்டும். படகைத் திருப்பியபோதுதான் கரையில் அந்த உருவத்தைப் பார்த்தேன்.

சின்ன உருவம். ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தது. பழைய வெர்ஷனில் கரையில் யாரும் கிடையாது. என் ஏழு குறைகளிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படகை இடப்பக்கம் நகர்த்தினேன். அதன் தலை இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் நகர்த்தினேன். தலை வலப்பக்கம் திரும்பியது. முகம் வரையவில்லை. இரண்டு புள்ளிகூட வைக்கவில்லை. இருந்தும் அது பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யாரு?" என்றேன். "நோட்டுல யாராவது சொல்லியிருக்காங்களா?"

துர்கா பக்கங்களைப் புரட்டினாள். "இல்ல."

தனக்கொடி நிலைப்படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். மானிட்டர் கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். அவர் மூச்சு அதில் பனியாகப் படிந்து மறைந்தது.

"உத்திராதான்டி" என்றார். "அந்தக் கல்லு மேலதான் உக்காருவான். அஞ்சு வயசுலேர்ந்து. அப்பா வர்ற வரைக்கும் உக்காந்திருப்பான். மழ வந்தாலும் எழுந்து வரமாட்டான்."

அதன்பிறகு அவர் நிலைப்படிக்குத் திரும்பவில்லை. இரண்டு பேரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். வாயைத் திறக்கவில்லை. திரையில் அவன். கரையில் உட்கார்ந்து நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை அவன் என் முதுகுக்குப் பின்னால் கை கட்டி நிற்கவில்லை, எதிரில் இருந்தான் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

கரையலைக்கு வந்தேன். எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்தாவது அலை எழும்போது ஹார்ட் டிஸ்க் கடகடவென்றது. திரை உறைந்தது.

படகு அலையின் வயிற்றுக்குள் ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. டிஸ்க் தட்டியது, நின்றது, தட்டியது. வெளியே உண்மையான கடல் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. துர்காவின் விரல்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்தன. பிளாஸ்டிக் நெறிந்தது.

"ஆஃப் பண்ணிடவா?" என்றாள் மிகவும் மெதுவாக.

"வாணாம். பொத்தான விட்டா கவுந்துரும். அது எப்ப திரும்ப ஓடும்னு தெரியாது."

விரலை எடுக்காமல் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உறைந்துபோன திரையிலும் அவன் தலை படகின் பக்கம் திரும்பியிருந்தது. என் வாழ்க்கையில் நான் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதில்லை. அந்த நேரம், முகம் வரையாத அந்த உருவத்திடம், எழுதினது கிண்டலுக்குத்தான்டா, விட்டுடுடா என்று மனத்துக்குள் சொன்னேன்.

டிஸ்க் ஒரு பெருமூச்சு விட்டது. அலை உடைந்தது. படகு நிமிர்ந்து அதன் மேல் ஏறி, மறுபக்கம் வழுக்கியது. இரண்டு பெரியவை வந்து போயின. பிறகு சும்மா கிடந்த கடல். பத்து எண்ணுவதற்குள் படகின் மூக்கு மணலில் முட்டியது.

பட்டாசு இல்லை. 'வாழ்த்துகள்' இல்லை. கல் மேல் இருந்த உருவம் எழுந்து, நடந்து வந்து, படகின் கயிற்றைப் பிடித்தது. ஸ்பீக்கரில் இரைச்சல். பிறகு ஒருத்தன் தொண்டையைச் செருமினான்.

"ராகவா. எழுதிக் குடுத்தா நீ படிச்சிட்டு ஜோக் அடிப்ப. அதான் பேசறேன். இப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது, அதான ரூலு. ஒண்ணு, நல்லது. திட்டறதுக்காவது கடைசி வரைக்கும் ஆடுறவன் நீ ஒருத்தன்தான். மத்தவனுங்க மூணாவது அலையிலயே எழுந்து டீ குடிக்கப் போயிடுறானுங்க. நல்லாருக்கு மச்சின்றானுங்க. எது நல்லாருக்குன்னு கேட்டா தெரியாது." கொஞ்சம் மூச்சு வாங்கினான். ஒவ்வொரு மூச்சும் ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது. "ரெண்டு, குறை. வழின்னு ஒரு கட்டம் இருக்குதுல்ல. அதுல நீ ஒரு நாளும் ஒண்ணும் எழுதுனதில்ல. தப்பு எங்கன்னு காட்டிட்டுப் போயிடுற. அப்புறம் நாந்தான் உக்காந்து தேடறேன். சரி. மூணு, வழி. நீ இன்னா பண்ணணும்னா..."

தூரத்திலிருந்து ஒரு குரல், மூடின கதவுக்கு வெளியே: "உத்திரா. சோறு போட்டாச்சு. வா."

"தோ வரேம்மா. ரெண்டு நிமிசம்."

கிளிக். இரைச்சல் நின்றது.

திரையில் படகு கரையில் கிடந்தது. உருவம் கயிற்றைப் பிடித்தபடி நின்றது. தனக்கொடி கதவைப் பார்த்தார். கூப்பிட்டது அவருடைய குரல். பதில் வந்துவிட்டது. வரேம்மா என்று சொல்லியிருக்கிறான்.

துர்கா நோட்டை என் முன்னால் வைத்தாள். ஏழாவது குறை. "கரைக்கு வந்ததும் பட்டாசு வெடிக்கிறது. கடலுக்குப் போய் வந்தவனுக்கு வீட்டில் யாராவது பட்டாசு வெடிப்பார்களா? என்ன சொல்வார்கள்?" அதற்குப் பக்கத்தில் அவன் முதலில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். பிறகு அதை அடித்துவிட்டு டிக் போட்டிருந்தான். டிக் ஆழமாக, தாள் கிழிகிற மாதிரி இருந்தது.

அம்மா கூப்பிட்ட அந்த இடத்தை வெட்டி எடுக்க அவனுக்குத் தெரியும். இரண்டு நொடி வேலை. வெட்டவில்லை.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் தனக்கொடி.

அப்படிப் போட முடியாது என்று விளக்கினேன். கரைக்கு வந்து சேரும்போதுதான் குரல் வரும். மறுபடி கேட்க வேண்டுமென்றால் மறுபடி படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்த் திரும்ப வேண்டும். கவிழ்ந்தால் அவ்வளவுதான். இப்படியே கரையில் விட்டுவிட்டால் எதுவும் ஆகாது.

"கோபியோட செல்லுல ரெக்கார்டு ஆவும்ல?" என்றாள் துர்கா. "அடுத்த வாரம் அதக் கொண்டாந்து வெச்சிக்கிட்டு ஆடலாம்மா."

செல்போனில் பதிவு செய்யலாம் என்பது கம்ப்யூட்டர் படித்த ஏழு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. என் செல்லில் டார்ச் லைட் மட்டும்தான் இருந்தது. அடுத்த வாரம் என்று அவள் சொன்னதும் டிஸ்க் உள்ளே ஒரு தடவை தட்டியது. மூன்று பேரும் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தோம். அடுத்த வாரம் அது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

"வாணாம்மா" என்றாள் துர்கா. "ஒரு வாட்டி கேட்டாச்சுல்ல. கவுந்துட்டா அப்புறம் ஒண்ணும் இல்ல."

தனக்கொடி என் தோளில் கை வைத்தார். மீன் வாசனை. கடலுக்குக் கிளம்பும் புருஷனுக்குத் தினமும் சொல்கிற குரலில், அவசரமில்லாமல் சொன்னார்.

"போய்ட்டு வா. நான் இங்கதான இருக்கேன்."

துர்காவிடம் பேனா கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள். நோட்டை இழுத்து, ஏழாவது குறைக்கு எதிரே காலியாகக் கிடந்த வழி என்ற கட்டத்தில் எழுதினேன். "ஐந்து சின்ன அலை, இரண்டு பெரிய அலை போகட்டும். அதன்பிறகு பத்து எண்ணுவதற்குள் தாண்டவும். திரை நின்றுபோனால் விரலை எடுக்கக் கூடாது."

துர்கா படித்தாள். "யாருக்கு இது?"

"உனக்கு. அடுத்த வாட்டி நீதான் ஆடணும்."

அவள் நோட்டை மூடாமல் விரித்தபடியே மானிட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள், பார்த்துக்கொள்ள வசதியாக.

பொத்தானை அழுத்தினேன். கயிற்றைப் பிடித்திருந்த உருவம் கயிற்றை விட்டது. திரும்பி நடந்து போய்க் கல் மேல் உட்கார்ந்தது. படகு தண்ணீரில் இறங்கியதும் அதன் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. டிஸ்க் கடகடத்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். பின்னாலிருந்து தனக்கொடியும் எண்ணினார்.